இரண்டாவது பில்

பக்கவாதம் வந்த ஒருவரின் மூளை ரத்தக் குழாயை அடைத்திருந்த உறைகட்டியை, தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி வெளியே இழுத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்த கையோடு ஒரு சி.டி. ஸ்கேன். மூளையின் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது. அது என்ன?

ரத்தம் கசிந்திருக்கலாம். அல்லது, ரத்தக் குழாய் திரையில் தெரிவதற்காகச் சிகிச்சையின்போது செலுத்திய அயோடின் மருந்து, அடிபட்ட திசுவுக்குள் ஊறி நின்றிருக்கலாம். ரத்தம் என்றால், உறைவைத் தடுக்கும் மருந்துகளை உடனே தொடங்குவது ஆபத்து. ஊறி நின்ற அயோடின் என்றால் அது ஓரிரு நாட்களில் தானாக வடிந்துவிடும். அப்போது மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. முடிவு எடுக்க வேண்டியவர் திரையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இரண்டும் ஒரே வெள்ளைதான். அவருடைய கண்ணில் குறை இல்லை. அவருக்குத் தேவையான விடை அந்தப் படத்துக்குள் பதிவாகவே இல்லை.

அந்த விடையைப் பதிவாக வைப்பது எப்படி, பதிவானதிலிருந்து அதை மீட்டெடுப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

ஒரு புள்ளிக்கு ஓர் எண்

சி.டி. எந்திரத்தின் வேலையில் பாதி கதிர் வீச்சு, மீதி பாதி கணக்கு. ஒரு பக்கம் எக்ஸ் கதிர்க் குழல், எதிர்ப்பக்கம் கதிரை அளக்கும் டிடெக்டர் வரிசை, நடுவில் நோயாளி. குழலும் டிடெக்டரும் சுற்றிச் சுற்றி வர, நூற்றுக்கணக்கான கோணங்களில் உடல் எவ்வளவு கதிரை விழுங்கியது என்று பதிவாகிறது. ஒவ்வொரு பதிவும் ஒரு நேர்கோட்டின் மொத்தத் தொகை. இந்தத் தொகைகளைக் கொண்டு, கோட்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே எவ்வளவு விழுங்கியது என்று பிரித்துச் சொல்வதற்கு மீட்டுருவாக்கம் என்று பெயர்.

இப்படிப் பிரிக்க முடியும் என்பதை ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடான் 1917இலேயே நிறுவியிருந்தார். அதை அறியாமலே மருத்துவத்துக்காக அதே கணக்கைத் தானாகக் கண்டடைந்து, 1963இலும் 1964இலும் கட்டுரைகளாக வெளியிட்டார் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக். எந்திரமாக அதைக் கட்டிக் காட்டியவர் இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவீடுகள். ஆக 28,800 எண்களிலிருந்து, 80க்கு 80 கட்டங்கள் கொண்ட ஒரு படம் பிறந்தது. கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதே 1971இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கொலாஜன் புரதத்தின் மூன்றிழை வடிவத்தைக் கண்டு சொன்ன அதே ராமச்சந்திரன்தான். நிழல்படங்களிலிருந்து உருவத்தை மீட்பதற்குச் சுற்றுவழிக் கணக்குகள் தேவையில்லை. ஒவ்வொரு நிழலையும் ஒரு குறிப்பிட்ட வகையில் கூர்மையாக்கி, வந்த திசையிலேயே திரும்பப் பூசினால் போதும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்தக் கூர்மையாக்கும் முறைக்கு இருவர் பெயரையும் சுருக்கி 'ராம்-லாக் வடிகட்டி' என்று பெயர். உலகெங்கும் சி.டி. பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர் இருக்கிறது.

இத்தனை கணக்கும் முடிந்த பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது ஒரே ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என்று வைத்து, மற்றதெல்லாம் அந்த அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று சொல்வது ஹவுன்ஸ்ஃபீல்டு எண். அந்த எண் சாம்பல் நிறத்தின் ஏதோ ஒரு சாயலாகத் திரைக்கு வருகிறது. நம் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. எவ்வளவு விழுங்கியது என்று அந்த எண் சொல்கிறது. விழுங்கியது எது என்று சொல்வதில்லை. கொஞ்சம் அயோடினும் நிறைய கால்சியமும் ஒரே எண்ணாக வந்து நிற்கும்.

ஒரே பை, இரண்டு கடை

ஒருவர் ஹோட்டலில் இட்லியும் வடையும் பார்சல் வாங்கி வந்திருக்கிறார். பையைப் பிரிக்கக் கூடாது; பில்லை மட்டும் பார்க்கலாம். இட்லி 10 ரூபாய், வடை 15 ரூபாய். பில் தொகை 70. எத்தனை இட்லி, எத்தனை வடை? சொல்ல முடியாது. 4 இட்லி, 2 வடை என்றாலும் 70. 1 இட்லி, 4 வடை என்றாலும் 70. வெள்ளைத் திட்டின் நிலையும் இதுதான்.

இப்போது அதே பார்சலை இன்னொரு ஹோட்டலின் விலைப்பட்டியலில் கணக்கிடுவோம். அங்கே இட்லி 10, வடை 25. பில் 90 ரூபாய் என்று வருகிறது. இரண்டு பில்லையும் சேர்த்துப் பார்த்தால் மர்மம் தீர்ந்தது. தொகை 20 ரூபாய் ஏறியிருக்கிறது. வடைக்கு 10 ரூபாய்தான் கூடுதல். ஆகவே வடை 2, இட்லி 4. பையைத் திறக்காமலே உள்ளே இருப்பதை எண்ணிவிட்டோம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாவது ஹோட்டலில் இட்லி 20, வடை 30 என்று இரண்டும் அப்படியே இரட்டிப்பாகியிருந்தால்? பில் 140 வரும். அதில் புதிய செய்தி எதுவும் இல்லை. விலை ஏறினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பொருளின் விலையும் வெவ்வேறு விகிதத்தில் மாற வேண்டும். எக்ஸ் கதிரின் வெவ்வேறு ஆற்றல்களில் அளந்து பொருள்களைப் பிரிக்கும் நிறமாலை சி.டி. என்னும் துறை முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

உடலுக்குள் 'ஹோட்டல்' என்பது எக்ஸ் கதிரின் ஆற்றல். குறைந்த ஆற்றல் ஒரு ஹோட்டல், அதிக ஆற்றல் மற்றொன்று. 'விலை' என்பது, அந்த ஆற்றலில் ஒரு பொருள் எவ்வளவு கதிரை விழுங்கும் என்பது. 'பை' என்பது படத்தின் ஒரு புள்ளி. அதற்குள் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் படத்தைப் பொருட்படம் என்று அழைப்போம். அயோடின் பொருட்படத்தில் அயோடின் இருக்கும் இடம் மட்டும் ஒளிரும்; தண்ணீர் பொருட்படத்தில் அதே இடத்தில் அயோடின் நீக்கப்பட்ட திசு தெரியும்.

விலையைத் தீர்மானிக்கும் இரண்டு விதிகள்

மருத்துவத்தில் பயன்படும் ஆற்றல்களில், எக்ஸ் கதிர்த் துகளான ஃபோட்டான் உடலுக்குள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் தடுக்கப்படுகிறது. ஒன்று ஒளிமின் விளைவு. ஃபோட்டான் ஓர் அணுவின் உள்வட்ட எலக்ட்ரானுக்குத் தன் ஆற்றல் முழுவதையும் கொடுத்துவிட்டு மறைகிறது. மற்றது காம்ப்டன் சிதறல். ஃபோட்டான் வெளிவட்ட எலக்ட்ரான் மீது மோதி, கொஞ்சம் ஆற்றலை இழந்து, திசைமாறிப் போகிறது.

இந்த இரண்டின் குணமும் நேரெதிர். காம்ப்டன் சிதறலுக்கு அது எந்தத் தனிமம் என்பதில் அக்கறை குறைவு. எலக்ட்ரான்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம். ஆற்றல் மாறினாலும் அது மெதுவாகத்தான் மாறும். ஒளிமின் விளைவோ தனிமத்தைப் பார்த்து ஆளே மாறிவிடும். எலக்ட்ரான் ஒன்றுக்கு அது அணு எண்ணின் கனத்துக்கு ஏறக்குறைய நேர் விகிதத்தில் ஏறும். ஆற்றலின் கனத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இறங்கும். அதாவது ஆற்றல் இரட்டிப்பானால் விளைவு எட்டில் ஒரு பங்காகும். தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனின் அணு எண் 8, கால்சியத்துக்கு 20, அயோடினுக்கு 53. ஆகவே ஆற்றலைக் கூட்டும்போது தண்ணீரின் 'விலை' கொஞ்சமாக இறங்க, அயோடினின் விலை சரிந்து விழுகிறது.

இதை மருத்துவப் படமாக்கலாம் என்ற எண்ணம் சி.டி.யோடு கூடவே பிறந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டு தன் எந்திரத்தை விவரித்து 1973இல் எழுதிய முதல் கட்டுரையிலேயே, ஒரே குறுக்குவெட்டை 100 கிலோவோல்ட்டிலும் 140 கிலோவோல்ட்டிலும் எடுத்து ஒப்பிட்டால் அயோடினையும் கால்சியத்தையும் பிரித்தறியலாம் என்று குறிப்பிட்டிருந்தார். அதை முழுமையான கோட்பாடாக்கியவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆல்வரெஸும் ஆல்பர்ட் மகோவ்ஸ்கியும். 1976இல் வெளியான அவர்கள் கட்டுரை, எந்தத் திசுவின் கதிர் விழுங்கலையும் இரண்டே கூறுகளின் கலவையாக எழுதலாம் என்றது: ஓர் ஒளிமின் கூறு, ஒரு காம்ப்டன் கூறு. மகோவ்ஸ்கி அதற்கு முன் வண்ணத் தொலைக்காட்சியில் வேலை செய்தவர். திரையில் தெரியும் அத்தனை வண்ணங்களையும் மூன்று அடிப்படை நிறங்களின் கலவையாகப் பார்த்துப் பழகிய கண், எக்ஸ் கதிரிலும் அடிப்படை 'நிறங்களை'த் தேடியதில் வியப்பில்லை. தொலைக்காட்சிக்கு மூன்று, இங்கே இரண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எண்களைத் தொட்டுப் பார்த்தால்தான் இதன் அழகும் அபாயமும் புரியும். எக்ஸ் கதிரின் ஆற்றலைக் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அளப்பார்கள், இங்கே கி.எ.வோ. என்று சுருக்கிக்கொள்வோம். 50 கி.எ.வோ. 'ஹோட்டலில்' ஒரு கிராமுக்கான விலைகள்: தண்ணீர் 0.227, கால்சியம் 1.02, அயோடின் 12.3. 80 கி.எ.வோ. ஹோட்டலில்: தண்ணீர் 0.184, கால்சியம் 0.366, அயோடின் 3.51. தண்ணீரின் விலை ஐந்தில் ஒரு பங்கு கூடக் குறையவில்லை. கால்சியம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கிவிட்டது. அயோடின் அதற்கும் கீழே போய்விட்டது.

இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில், மில்லிலிட்டர் தண்ணீருக்கு 10 மில்லிகிராம் அயோடின். மற்றதில், ஏறக்குறைய 96 மில்லிகிராம் கால்சியம். 80 கி.எ.வோ. படத்தில் இரண்டுமே 190 ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை ஒட்டி நிற்கும். யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 50 கி.எ.வோ. படத்திலோ அயோடின் புள்ளி 540ஐத் தொடும். கால்சியம் புள்ளி 430இல் நின்றுவிடும். ஒரே வெள்ளையாக இருந்த இரண்டும் இப்போது தனித்தனி ஆள்கள்.

அயோடின் புள்ளியை மட்டும் எடுத்து விடைகாண்போம். 50இல் அளந்தது 0.3501, 80இல் அளந்தது 0.2188. இரண்டு சமன்பாடு, இரண்டு மதிப்பறியா எண். தீர்த்தால் தண்ணீர் 1 கிராம், அயோடின் 0.010 கிராம். சரியாக நாம் வைத்ததே திரும்பி வந்தது. பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் போட்ட கணக்குதான், ஒரு மனிதரின் மூளைக்குள் நடக்கிறது.

ஒரு சதவீதம் எட்டாகும் இடம்

உண்மையான அளவீட்டில் தடுமாற்றம் இல்லாமல் இருக்காது. ஃபோட்டான்கள் மழைத்துளிபோல வந்து விழுகின்றன. ஒரே இடத்தில் ஒரே நேர அளவில் இரண்டு முறை எண்ணினால் ஒரே எண்ணிக்கை வராது. 50இல் அளந்தது ஒரு சதவீதம் கூடுதலாகவும், 80இல் அளந்தது ஒரு சதவீதம் குறைவாகவும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே சமன்பாடுகளைத் தீர்த்தால், அயோடின் 10 மில்லிகிராமுக்குப் பதில் 10.8 என்று வருகிறது. தண்ணீர் 1 கிராமிலிருந்து 0.973க்கு இறங்கிவிடுகிறது. உள்ளே போனது ஒரு சதவீதப் பிழை; வெளியே வந்தது அயோடினில் எட்டு சதவீதப் பிழை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அயோடின் ஏறும்போது தண்ணீர் இறங்கியது. பில் தொகைக்குக் கட்டுப்பட்டவை என்பதால், ஒன்றில் வந்த தவறை மற்றது எதிர்த்திசையில் ஈடுகட்டுகிறது. இரண்டு பொருட்படங்களையும் கூட்டினால் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுத்தமான படம் கிடைக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் இறைந்து கிடக்கும். இரண்டு ஹோட்டல்களின் விலைப்பட்டியல்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவுக்கு இந்த மணல் கூடும். அதனால்தான் பொறியாளர்கள் அதிக ஆற்றல் கதிரின் பாதையில் மெல்லிய வெள்ளீயத் தகடு வைக்கிறார்கள். அது கலந்து வரும் குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். இரண்டு பட்டியல்களும் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும்.

கலந்து வரும் கதிர், மூன்று வழிகள்

'50 கி.எ.வோ. ஹோட்டல்' என்று சொன்னது எளிமைக்காக. மருத்துவமனைக் குழலிலிருந்து ஒரே ஆற்றல் கொண்ட கதிர் வருவதில்லை. 120 கிலோவோல்ட்டில் இயங்கும் குழல், 120 கி.எ.வோ. வரையுள்ள எல்லா ஆற்றல்களையும் கலந்து தருகிறது. அந்தக் கலவை உடலுக்குள் நுழைந்ததும் மென்மையான, அதாவது ஆற்றல் குறைந்த ஃபோட்டான்கள் முதலில் விழுங்கப்படும். உள்ளே போகப்போகக் கடினமானவை மட்டும் மிஞ்சும். ஆகவே உடலின் மேற்புறத்தில் ஒரு விலை, ஆழத்தில் ஒரு விலை. மண்டையோட்டுக்கு நடுவே எலும்புகளுக்கிடையில் கறுப்புப் பட்டைகள் போலத் தெரியும் பொய்த் தோற்றங்கள் இதனால் வருபவை. கோட்டின் மொத்தம், புள்ளிகளின் எளிய கூட்டுத்தொகை என்ற கணக்கு இங்கே பிசகுகிறது.

இதைச் சமாளித்துப் பொருட்படத்தை அடைய மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, படங்களை முதலில் மீட்டுவிட்டுப் பிறகு பிரிப்பது. இரண்டு ஆற்றல்களுக்கும் தனித்தனி சி.டி. படம், அதன்பின் புள்ளிக்குப் புள்ளி இட்லி-வடைக் கணக்கு. விரைவானது, எளிதானது. ஆனால் கலந்த கதிரால் வந்த பொய்த் தோற்றங்கள் படங்களில் ஏற்கெனவே ஏறிவிட்டிருக்கும். அவை பொருட்படத்துக்கும் கடந்து வரும்.

இரண்டாவது வழி, ஆல்வரெஸும் மகோவ்ஸ்கியும் காட்டியது. படம் வரைவதற்கு முன்பே, ஒவ்வொரு கதிர்க்கோட்டிலும் மொத்தம் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அயோடின் குறுக்கே வந்தது என்று பிரித்துவிடுவது. கலந்த கதிரின் கணக்கை இந்த இடத்தில் ஒளிவுமறைவின்றி எழுதிவிடலாம் என்பதால் அந்தப் பொய்த் தோற்றம் வேரிலேயே நீங்கும். நிபந்தனை ஒன்று உண்டு: இரண்டு ஆற்றல்களும் ஒரே கோட்டின் வழியே போயிருக்க வேண்டும். இடையில் நோயாளி மூச்சு விட்டாலோ, இரண்டு கதிர்களும் வெவ்வேறு கோணத்திலிருந்து வந்தாலோ இந்தக் கணக்கு நிற்காது.

மூன்றாவது வழி பொறுமையானது. உடலுக்குள் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று ஒரு முதல் ஊகம் செய்வது. அந்த ஊக உடலின் வழியே கலந்த கதிரைக் கணினிக்குள் செலுத்தி, என்ன பில் வரும் என்று கணக்கிடுவது. உண்மையில் அளந்த பில்லோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப ஊகத்தைத் திருத்துவது. மறுபடியும் செலுத்துவது, மறுபடியும் திருத்துவது. இந்த வழியில் இயற்பியலை எங்கும் சுருக்க வேண்டியதில்லை. பொருளின் அளவு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே திசுவைச் சேர்ந்தவை என்பன போன்ற நமக்குத் தெரிந்த உண்மைகளையும் கணக்குக்குள் சேர்க்கலாம். மணலை அடக்குவது இந்தச் சேர்க்கைதான். ஆனால் பக்கத்துப் புள்ளிகளை அளவுக்கு மீறி ஒன்றாக்கினால், ஒரு சின்னஞ்சிறு கட்டியும் மணலோடு மணலாகத் துடைக்கப்பட்டுவிடும்.

அண்மை ஆண்டுகளில் இந்த மூன்று வழிகளோடும் செயற்கை நரம்பு வலைகள் சேர்ந்துகொண்டன. ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளிலிருந்து, மணலற்ற பொருட்படம் எப்படி இருக்கும் என்று அவை கற்றுக்கொள்கின்றன. அழகான படமும் சரியான படமும் ஒன்றல்ல என்பதால், இவற்றைச் சோதிக்க விடை முன்கூட்டியே தெரிந்த உடல் வேண்டும். 2022இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கத்தின் பெயரில் நடந்த ஒரு போட்டி இதற்காகவே அமைந்தது. கணினியில் உருவாக்கிய மார்பக மாதிரிகளின் இரட்டை ஆற்றல் அளவீடுகளைக் கொடுத்து, கொழுப்பு, சுரப்பித் திசு, கால்சியத் துணுக்கு என்ற மூன்று பொருட்படங்களையும் மீட்கச் சொன்னார்கள். மாதிரியை உருவாக்கியவர்களிடம் உண்மை விடை இருந்தது. அதனால் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எத்தனை தவறு என்று எண்ணாகவே அளக்க முடிந்தது.

இரண்டாவது பில்லை வாங்குவது எப்படி

கோட்பாடு 1976இல் தயார். மருத்துவமனைக்கு அது பரவலாக வந்து சேர முப்பது ஆண்டுகள் ஆயின. அன்றைய எந்திரங்களில் இரண்டு ஆற்றல்களுக்கு இரண்டு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்குள் நோயாளி அசைந்துவிடுவார். குறைந்த ஆற்றலில் போதுமான ஃபோட்டான்களைத் தரும் வலு குழல்களுக்கு இல்லை. கணினிகளும் மெதுவானவை.

2005ஐ ஒட்டிச் சீமென்ஸ் ஒரே எந்திரத்தில் இரண்டு குழல்களைப் பொருத்தியது. ஒரே சுற்றில் இரண்டு ஆற்றல்கள். ஆனால் குழல்கள் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்பதால் இரண்டு கதிர்களும் ஒரே கோட்டில் போவதில்லை. ஜி.ஈ. நிறுவனம் ஒரே குழலின் மின்னழுத்தத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் 80 கிலோவோல்ட்டுக்கும் 140 கிலோவோல்ட்டுக்கும் இடையே மாற்றி மாற்றித் தட்டியது. பிலிப்ஸ் குழலைத் தொடவில்லை. டிடெக்டரை இரண்டடுக்காக ஆக்கியது. மேலடுக்கு மென்மையான ஃபோட்டான்களைப் பிடிக்க, கடினமானவை கீழடுக்கில் சேரும். எந்த எந்திரம் என்பதைப் பொறுத்து, மேலே சொன்ன மூன்று வழிகளில் எது நடக்கும் என்பதும் மாறும். எந்திரமும் கணக்கும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை.

அடுத்த படி, ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணுவது. பழைய டிடெக்டரில் எக்ஸ் கதிர் முதலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறி, பிறகு மின்சாரமாகும். ஒரு கால இடைவெளியில் வந்த எல்லாவற்றின் ஆற்றலும் ஒரே தொகையாகக் கூட்டப்படும். உண்டியலைக் கவிழ்த்து மொத்த எடையை மட்டும் பார்ப்பது போன்றது அது. புதிய டிடெக்டரில் கேட்மியம் டெல்லுரைடு போன்ற குறைகடத்திப் படிகம், ஒவ்வொரு ஃபோட்டானையும் நேரடியாக ஒரு மின் துடிப்பாக்குகிறது. துடிப்பின் உயரம் ஃபோட்டானின் ஆற்றலைச் சொல்லும். ஒவ்வொரு காசையும் கையில் எடுத்து, என்ன மதிப்பு என்று பார்த்துத் தனித்தனிக் குவியலில் போடலாம். ஒரே ஸ்கேனில் இரண்டுக்கும் மேற்பட்ட பில்கள்.

இதன் வேர்களில் ஒன்று துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்னில் இருக்கிறது. அங்கே துகள்களைப் பதிவு செய்ய உருவாக்கிய சில்லுகளிலிருந்து மெடிபிக்ஸ் என்ற சில்லு வரிசை வளர்ந்தது. அதைக் கொண்டு நியூசிலாந்தின் ஃபில் பட்லரும் அந்தோணி பட்லரும், தந்தையும் மகனுமாக, ஓர் எந்திரத்தை உருவாக்கினார்கள். 2018இல் அவர்கள் வெளியிட்ட மனிதக் கணுக்கால், மணிக்கட்டு ஆகியவற்றின் வண்ண முப்பரிமாணப் படங்கள் உலகம் முழுவதும் செய்தியாயின. உடல் முழுவதையும் ஸ்கேன் செய்யும் முதல் ஃபோட்டான் எண்ணும் சி.டி.யான சீமென்ஸின் நேயோடோம் ஆல்ஃபாவுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2021 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது.

எண்ணுவதிலும் தடைகள் உண்டு. ஒவ்வொரு நொடியும் சதுர மில்லிமீட்டருக்குக் கோடிக்கணக்கில் ஃபோட்டான்கள் பொழியும்போது, இரண்டு துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பெரிய ஆற்றல் கொண்ட ஒரே ஃபோட்டான்போல வேடம் போடும். படிகத்தின் எல்லையில் விழுந்த ஃபோட்டானின் மின்னூட்டம் இரண்டு கட்டங்களுக்குப் பங்காகி, இரண்டு சின்ன ஃபோட்டான்களாகப் பதிவாகும். இவற்றைச் சரியாகக் கணக்கில் கொண்டுவராவிட்டால் விலைப்பட்டியலே தவறாகிவிடும்.

திடீரென விலை ஏறும் பொருள்

பில்கள் கூடக்கூட எத்தனை பொருள்களை வேண்டுமானாலும் பிரித்துவிடலாமா? முடியாது. எல்லாப் பொருள்களின் விலையும் ஒளிமின், காம்ப்டன் என்ற இரண்டே விதிகளால் ஆனது என்று பார்த்தோம். ஆகவே மூன்றாவது, நான்காவது ஹோட்டல்கள் அதே இரண்டு விதிகளைத்தான் வேறு அளவில் கலந்து தரும். புதிய செய்தி இருக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அணுவின் உள்வட்ட எலக்ட்ரானை வெளியே தள்ள ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். அந்த வாசலைத் தாண்டும் இடத்தில் விலை திடீரென எகிறும். அயோடினுக்கு அந்த வாசல் 33.2 கி.எ.வோ. வாசலுக்குச் சற்றுக் கீழே ஒரு கிராமின் விலை 6.6, சற்று மேலே 35.8. ஐந்து மடங்குக்கு மேல் தாவல். கடோலினியத்துக்கு வாசல் 50.2இல், தங்கத்துக்கு 80.7இல். ஒவ்வொரு கன உலோகத்துக்கும் அதற்கே உரிய இடம். எந்த ஆற்றலில் பில் குதிக்கிறது என்று பார்த்தால், உள்ளே எந்த உலோகம் என்று பெயர் சொல்லி அழைக்கலாம். 33 கி.எ.வோ. ஃபோட்டான்கள் பெரிய உடலைத் துளைத்து வெளியே வருவது அரிது என்பதால் அயோடினின் வாசல் அவ்வளவாக உதவுவதில்லை. கடோலினியமும் தங்கமும் வசதியான இடத்தில் இருக்கின்றன. தங்க நுண்துகள்களைக் குறிப்பிட்ட திசுவுக்கு அனுப்பி, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று வரையும் ஆய்வுகள் இந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன.

படுக்கை அருகே

பொருட்படங்கள் ஏற்கெனவே சிகிச்சையை மாற்றியிருக்கின்றன. சிறுநீரகக் கல் யூரிக் அமிலத்தால் ஆனதா, கால்சியத்தால் ஆனதா என்று இரட்டை ஆற்றல் சி.டி. சொல்லிவிடும். யூரிக் அமிலக் கல்லைச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால் கரைக்க முடியும். கால்சியக் கல் அப்படிக் கரையாது. ஒரே படம், ஒருவருக்கு மாத்திரையையும் மற்றவருக்கு வேறு வழியையும் காட்டுகிறது. கவுட் என்னும் மூட்டுவாதத்தில், மூட்டைச் சுற்றிப் படிந்த யூரேட் படிகங்களை ஊசி குத்தாமலே வண்ணத்தில் காட்டலாம். நுரையீரல் ரத்தக் குழாய் அடைபட்டவருக்கு, அயோடின் பொருட்படத்தில் ரத்தம் போய்ச் சேராத பகுதி இருண்டு தெரியும். எலும்பிலிருந்து கால்சியத்தைக் கணக்கால் நீக்கினால், சாதாரண சி.டி.யில் மறைந்திருக்கும் மஜ்ஜை வீக்கம் வெளிப்படும். அயோடின் மருந்து கொடுத்து எடுத்த ஸ்கேனிலிருந்தே அயோடினை நீக்கிய படத்தைப் பெறலாம் என்பதால், சில பரிசோதனைகளில் மருந்தில்லாமல் எடுக்கும் முதல் ஸ்கேனையும் அதன் கதிர்வீச்சையும் தவிர்க்க முடிகிறது.

பட்டியலில் இல்லாத பொருள்

இப்போது அந்தப் பார்சலுக்குத் திரும்புவோம். பைக்குள் இட்லியும் வடையும் மட்டுமே இருக்கின்றன என்று யார் சொன்னது? ஒரு தோசையும் இருந்தால்? நம் சமன்பாடுகள் தடுமாறாது. பிழை என்று கத்தாது. தோசையின் விலையை எடுத்து, கொஞ்சம் இட்லியாகவும் கொஞ்சம் வடையாகவும் பங்கிட்டு, நிதானமாக ஒரு விடையைத் தரும். அந்த விடை தவறு.

பொருட்படத்திலும் இதுதான் நடக்கும். தண்ணீர், அயோடின் என்று இரண்டே பொருள்களைப் பட்டியலில் வைத்துவிட்டு, கால்சியம் படிந்த ஒரு புள்ளியைக் கணக்கிட்டால், கால்சியத்தில் ஒரு பகுதி அயோடின் படத்தில் ஒளிரும். அங்கே ஒரு துளி அயோடின்கூட இல்லாவிட்டாலும். மூன்று பொருள்களை இரண்டு அளவீடுகளால் பிரிக்கும்போதும், எல்லாம் சேர்ந்து அந்தப் புள்ளியின் கொள்ளளவை நிரப்பியாக வேண்டும் என்பது போன்ற மூன்றாவது நிபந்தனை ஒன்றை நாமே சேர்த்திருப்போம். படத்தின் வண்ணங்களுக்குப் பின்னால் இந்த முடிவுகள் மறைந்து நிற்கின்றன. பொருட்படம் உடலிலிருந்து நேராக வந்த ஒளி கிடையாது. அது ஒரு கேள்விக்கான விடை; கேள்வியில் எந்தப் பொருள்களின் பெயரைச் சேர்த்தோமோ, அந்தப் பெயர்களில்தான் விடையும் வரும்.

அதனால் இந்தத் துறையின் மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை, கூடுகிறது. பட்டியலை மனிதர் எழுதுகிறார் என்று தெரிந்துகொண்டே, பில்லை மேலும் துல்லியமாக்கவும், பட்டியலில் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கவும் இவர்கள் அரை நூற்றாண்டாக உழைத்துவருகிறார்கள்.

முதலில் பார்த்த நோயாளிக்கு வருவோம். உறைந்த ரத்தம் வெள்ளையாகத் தெரிவதற்கு அதில் செறிந்திருக்கும் புரதமே முக்கியக் காரணம். ஆற்றல் மாறும்போது அதன் விலை ஏறக்குறைய தண்ணீரைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே இரட்டை ஆற்றல் ஸ்கேனைப் பிரித்தால், ரத்தம் தண்ணீர்ப் படத்தில் தங்கிவிடும். ஊறி நின்ற மருந்து அயோடின் படத்துக்குப் போய்விடும். மருத்துவர் இரண்டு படங்களையும் அருகருகே வைக்கிறார். தண்ணீர்ப் படத்தில் அந்த இடம் சுற்றியுள்ள மூளையின் சாம்பலிலேயே கரைந்துபோயிருக்கிறது. அயோடின் படத்தில் அதே இடம் ஒளிர்கிறது. அங்கே முன்பே கால்சியம் படிந்திருந்ததா என்று, நோயாளி வந்து சேர்ந்தபோது எடுத்த பழைய ஸ்கேனைத் திறந்து ஒரு முறை சரிபார்க்கிறார். இல்லை. பட்டியல் சரி. அதன்பின் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்குகிறார்.